சுவரில் பதித்த ஓவனுக்கு வாரண்டி எந்த நாளில் தொடங்குகிறது?

மாடுலர் கிச்சன் வேலை நடக்கும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கடையில் தள்ளுபடி ஓடும்போதே ஓவன், ஹாப், சிம்னி மூன்றையும் சேர்த்து வாங்கிப் போட்டுவிடுவார்கள். பெட்டி பிரிக்காமல் ஹால் மூலையில் கிடக்கும். டைல்ஸ் முடிந்து, பிளைவுட் வந்து, கார்பென்டர் கைக்குச் சிக்கி, கிரகப்பிரவேசமும் ஆவதற்குள் ஆறேழு மாதம் ஓடிவிடும். ஓவன் முதன்முதலாகச் சூடேறும் நாளில், பில் தேதியிலிருந்து எண்ணிய ஓராண்டு வாரண்டியில் பாதி கரைந்திருக்கும்.

எங்கள் நுகர்வோர் அமைப்புக்கு வரும் வீட்டு உபயோகப் பொருள் புகார்களில் பில்ட்-இன் ஓவன் தனி ரகம். மேடையில் வைக்கும் ஓ.டி.ஜி. கெட்டால் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய்விடலாம். இது சுவரோடு இருக்கிறது. ஆள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். வந்தால் விசிட் சார்ஜ். அதற்குமேல், கம்பெனி, டீலர், கிச்சன் போட்டவர், எலெக்ட்ரீஷியன், சில இடங்களில் பில்டர் என்று இதில் ஐந்து பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். பணம் வாங்கும்போது ஐவரும் இருந்தார்கள். பழுது என்றதும் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள்.

எங்கள் நிலைப்பாடு இது: ஓவனைத் தயாரித்த, அல்லது இறக்குமதி செய்து தன் பெயரில் விற்கும் நிறுவனம்தான் வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். பொருத்தியவர் செய்த தவறு என்று நிறுவனம் சொன்னால், அதைச் சோதித்து எழுத்தில் தர வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுக் கம்ப்ளெய்ண்டை மூடக் கூடாது. வாரண்டி, ஓவன் பொருத்தி ஓட்டிக் காட்டிய நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

வாரண்டி பற்றிய கோரிக்கையை முதலில் எழுப்பியவர்கள் நாங்கள் அல்லர். 2023 செப்டம்பரில், பண்டிகைக் கால விற்பனைக்கு முன்பாக, மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே இதைக் கேட்டது. டெக்னீஷியன் வந்து பொருத்தித் தந்தால்தான் பயன்படுத்த முடியும் என்கிற பொருள்களுக்கு, வாங்கிய நாளுக்குப் பதிலாகப் பொருத்திய நாளிலிருந்து வாரண்டியைக் கணக்கிடுங்கள் என்று உற்பத்தியாளர்களையும் விற்பனையாளர்களையும் அது கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். துறை எழுதிய அந்தக் கடிதத்துக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. அது விதியாக வேண்டும்.

இனி, அதிகம் வாக்குவாதம் நடக்கும் பழுது. புது வீட்டில் ஓவனை ஆன் செய்கிறார்கள். சில நிமிடத்தில், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்து வீடே இருண்டுவிடுகிறது. மறுபடி ஏற்றினால் மறுபடி விழுகிறது. கம்பெனி ஆள் வந்து, "ஓவன்ல ஒண்ணும் இல்ல மேடம், உங்க வயரிங்ல பிரச்சினை" என்கிறார். எலெக்ட்ரீஷியன் வந்து, "வயரிங் சுத்தமா இருக்கு, ஓவன்லதான் லீக்கேஜ்" என்கிறார். இப்படியே வாரங்கள் போகின்றன.

பல நேரங்களில் காரணம் ஈரம். ஓவனின் ஹீட்டிங் எலிமென்ட் என்பது உலோகக் குழாய்க்குள் சுருள் கம்பியும், அதைச் சுற்றி இறுக்கி அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு தூளும். அந்தத் தூள் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. குழாயின் முனை சீல் சரியில்லாமல், ஓவனும் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால், சென்னை மாதிரிக் கடலோர ஊரின் காற்றே போதும். சூடேறும்போது மின்சாரம் கொஞ்சம் உலோக உடலுக்குக் கசிகிறது. 30 மில்லி ஆம்பியரில் விழவேண்டிய ஆர்.சி.சி.பி. தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. இந்தக் கசிவைச் சாதாரண மல்டிமீட்டர் பெரும்பாலும் காட்டாது. மெகர் என்னும் இன்சுலேஷன் சோதனைக் கருவி இருந்தால் சில நிமிடத்தில் உண்மை வெளிவந்துவிடும். வருகிற டெக்னீஷியனின் பையில் அந்தக் கருவி இருக்க வேண்டும் என்று கேட்பது அப்படியொன்றும் பேராசை இல்லை.

இதில் எங்களைக் கலவரப்படுத்தும் ஒன்று உண்டு. எர்த் வயரைக் கழற்றிவிட்டு, "இப்ப ஓடுது பாருங்க" என்று காட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடத்தான் செய்யும். கசிகிற மின்சாரம் போக வழியில்லாமல் கதவுக் கைப்பிடியில் காத்திருக்கும், ஈரக் கையோடு ஒருவர் வந்து தொடும்வரை. இதைப் பழுதுநீக்கம் என்று நாங்கள் ஏற்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் ஆளே இப்படிச் செய்திருந்தால், நிறுவனத்தின் சேவைக் குறைபாடாகவே கருதி வழக்கில் நிற்போம்.

நிறுவனங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஓவனின் கூலிங் ஃபேன் உறிஞ்சி வெளியே தள்ளக் காற்று வேண்டும். கேபினெட் அழகாக இருக்கட்டும் என்று பின்புறத்தையும் அடிப்புறத்தையும் பலகை வைத்து அடைத்துவிட்டால் கன்ட்ரோல் போர்டு வெந்துபோகும். பிளக் பாயிண்ட் இன்னொன்று. பல மாடல்கள் முழுச் சூட்டில் 3 கிலோவாட்டுக்கு மேல் இழுப்பவை. 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும், அதுவும் பக்கத்துக் கேபினெட்டுக்குள், கைக்கு எட்டுகிற இடத்தில். நாங்கள் பார்த்த வீடுகள் சிலவற்றில் அது ஓவனுக்கு நேர் பின்னால், ஓவனே மறைக்கிற மாதிரி இருக்கிறது. அவசரத்துக்கு அணைக்க வேண்டுமானால் கதவைத் திறந்து, சட்டத்தில் உள்ள ஸ்குருக்களைக் கழற்றி, முப்பது கிலோவுக்குக் குறையாத பெட்டியை இரண்டு பேர் வெளியே இழுக்க வேண்டும். கரப்பான் பூச்சி போர்டில் குடியேறுவதும் கட்டுக்கதை அல்ல.

ஆனால், இவற்றையெல்லாம் எப்போது சொல்கிறார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. பொருத்தும் அன்று வந்த ஆள், காற்றுவழி இல்லை என்று சொல்லவில்லை; இன்ஸ்டலேஷன் முடிந்தது என்று கையெழுத்து வாங்கிப் போனார். போர்டு போன பிறகு அதே காற்றுவழியைக் காட்டி வாரண்டியை மறுக்கிறார்கள். பொருத்தும்போது ஏற்றுக்கொண்ட குறையைப் பின்னால் காரணம் காட்ட நிறுவனத்துக்கு உரிமையில்லை என்பது எங்கள் கருத்து. பூச்சி, வோல்டேஜ் என்று மறுத்தாலும் படமும் அளவீடும் தர வேண்டும்.

ஸ்பேர் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. எல்லாருக்கும் தெரிந்த கதைதான். "ஆர்டர் போட்டிருக்கு, வெளிநாட்டிலிருந்து வரணும்." ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிஷ்வாஷர் ஆகியவற்றுக்கு முக்கிய உதிரிப் பாகங்களை பொருளையும் பாகத்தையும் பொறுத்து 7 முதல் 10 ஆண்டுகள் வரை கொடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பட்டியலில் அங்கேயும் ஓவன் இல்லை. இந்தியாவில் 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுநீக்க உரிமைத் தளம், நீடித்துழைக்கும் வீட்டுப் பொருள்களையும் உள்ளடக்கியது. நல்ல தொடக்கம்தான், ஆனால் எலிமென்ட்டும் கதவுக் கீலும் எத்தனை நாளில் கைக்கு வரும் என்கிற கட்டாயம் அதில் இல்லை. விற்பனையை நிறுத்திய மாடலுக்கும் பத்தாண்டு ஸ்பேர் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

வாங்கியவர்கள் கையில் இப்போதே இருக்கும் வழிகளையும் சொல்லிவிடுகிறோம். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை; கிச்சன் போட்டவர் மொத்தத் தொகையில் ஓவனையும் சேர்த்துவிட்டார் என்றால் அதற்குத் தனி பில் கேட்டு வாங்குங்கள். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பில்டரே ஓவன் பதித்துக் கொடுத்த ஃபிளாட் என்றால் விற்பனை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டைக் கையளித்த ஐந்தாண்டுக்குள் தெரியவரும் தரக் குறைகளை இலவசமாகச் சரிசெய்யும் கடமையை ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவு பில்டர்மேல் வைக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த ஓவனுக்கும் அது பொருந்தும் என்று நாங்கள் வாதிடுவோம்.

டெக்னீஷியன்களிடம் சண்டை போடுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. அவர்களில் பலர் விசிட் கணக்கில் கூலி வாங்கும் ஒப்பந்த ஆட்கள். ஸ்பேர் வராததற்கு அவர்கள் பொறுப்பல்ல.

கடைசியாக, மாற்றித் தருவது பற்றி. ஒரே பழுது மூன்றாவது முறை வந்தால் ஓவனை மாற்றித் தர வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இங்கே நிறுவனங்கள் சொல்லாமல் விடும் செலவு ஒன்று இருக்கிறது. பழைய மாடல் நின்றுபோயிருக்கும். புதியது 60 சென்டிமீட்டர் ஓவன்தான் என்றாலும் உள்கூட்டின் ஆழமும் உயரமும் பொருந்தாமல் போகலாம்; அப்போது கேபினெட்டை அறுத்து, லேமினேட்டை மறுபடி ஒட்ட வேண்டும். அதே நிற லேமினேட் கிடைக்காவிட்டால் அந்த வரிசைக் கதவு முழுவதையும் மாற்ற வேண்டும். இந்தச் செலவு நிறுவனத்தைச் சேர்ந்தது. நாங்கள் துணை நிற்கும் மனுக்களில் ஓவன் விலையோடு கார்பென்டர் பில்லையும் சேர்த்தே கேட்போம்.