இல்லை என்பதும் ஒரு விடையே

தோழர்களே, அகராதி என்றவுடன் அகர வரிசையில் சொற்களை அடுக்கிப் பொருள் கூறும் நூலே நம் நினைவுக்கு வரும். கணினி மொழிகளிலும் ஓர் அகராதி உண்டு. பைத்தான் மொழி அதற்கு 'டிக்ஷனரி' என்றே பெயர் சூட்டியிருக்கிறது. ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும்; அவ்வளவே அதன் தொழில். கொடுத்த சாவி அதில் இல்லையென்றால் என்ன செய்வது? கேள்வி சிறியதுதான். ஆனால் அதன் பின்னே மனிதருடைய பெயரும், மதிப்பெண்ணும், முகவரியும் நிற்கின்றன.

சாதாரண டிக்ஷனரி நேர்மையானது. இல்லாத சாவியைக் கேட்டால் 'கீ எரர்' என்று கூவி நின்றுவிடும். வேலை நின்றுபோவது நமக்குப் பிடிப்பதில்லை. ஆகவே இரண்டு வழிகள் கண்டார்கள். ஒன்று 'கெட்' என்னும் முறை: சாவி இல்லையேல் இன்ன மதிப்பைத் தருக என்று கேட்கும் இடத்திலேயே சொல்லிவிடலாம். மற்றொன்று 2006ஆம் ஆண்டில் பைத்தான் 2.5 பதிப்புடன் வந்த 'டிஃபால்ட்டிக்ட்': முன்னரே குறித்து வைத்த மதிப்பை, இல்லாத எந்தச் சாவிக்கும் அதுவே உண்டாக்கித் தரும்.

இவ்வசதியைப் பழிக்க நான் வரவில்லை. ஒரு கட்டுரையில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறோம். இதுவரை வராத சொல்லின் எண்ணிக்கை பூஜ்யம், அது உண்மை. மாணவர் பெயர்களை ஊர்வாரியாகத் தொகுக்கிறோம். ஒருவரும் வராத ஊரின் பட்டியல் வெறும் பட்டியல், அதுவும் உண்மை. இத்தகைய வேலைகளில் டிஃபால்ட்டிக்ட் நான்கு வரியை ஒரு வரியாக்கும் நல்ல வேலையாள்.

நிற்க. தேர்வுக்கே வராத மாணவனுக்குப் பூஜ்யம் போடலாமா? வெற்றுத்தாள் கொடுத்தவனும் காய்ச்சலில் படுத்திருந்தவனும் ஒன்றாவார்களா? மழைமானி பழுதான நாளில் மழை பெய்யவில்லை என்று எழுதலாமா? எண்ணிக்கையில் மெய்யாக இருந்த அதே பூஜ்யம் இங்கே பொய்யாகிவிடுகிறது. இயல்பாக வைக்கும் மதிப்பு, இல்லாத பொருளைப் பற்றிய உண்மையாக இருந்தால் வைக்கலாம். நம் ஊகமாக இருந்தால் வைக்கலாகாது. இதுவே என் கட்சி.

டிஃபால்ட்டிக்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. சாவியைச் சதுர அடைப்புக்குள் இட்டுக் கேட்ட மாத்திரத்திலேயே அது அச்சாவியைப் பதிவு செய்துவிடும். 'இன்னார் இந்த விடுதியில் இருக்கிறாரா?' என்று வாயிலில் விசாரித்தால், காவலாளி அவர் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டது போல! பிறகு தலைகளை எண்ணினால் இல்லாதவரும் கணக்கில் வருவார். 'கெட்' என்று கேட்டால் இந்தத் தொல்லை இல்லை. 'இன்' என்று சோதித்தாலும் இல்லை.

என் அறை ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிறது. ஊரிலிருந்து அனுப்பிய புத்தகப் பார்சல் ஒன்று நான்கு நாள் எங்கோ சுற்றியது. விசாரித்தபோது, அந்த நிறுவனத்தின் பட்டியலில் ரிச்சர்ட்ஸ் டவுன் இல்லை என்றும், இல்லாத பேட்டை எல்லாம் மெஜஸ்டிக் கணக்கில் சேரும் என்றும் சொன்னார்கள். கணினிக்கு அப்பெயர் தெரியாது. தெரியாது என்று அது யாரிடமும் சொல்லவுமில்லை. எங்களுக்கு அண்டையிலுள்ள ஃப்ரேசர் டவுனுக்குப் புலிகேசி நகர் என்றும் பெயர். ஒரு பெயரை மட்டும் எழுதி வைத்தால் மற்றது 'இல்லாத சாவி' ஆகிவிடும். ஊர் இருக்கிறது, பட்டியலில்தான் இல்லை. இவ்விரண்டையும் குழப்புவதிலேதான் கேடு பிறக்கிறது.

என் பார்சல் அற்ப விஷயம். அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். இணைய முகவரியைக் கொண்டு இடம் கண்டு சொல்லும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம், அமெரிக்கா என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியை இயல்பாக வைத்தது. அப்புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டருகே விழுந்தது. அறுபது கோடிக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் அதன் மேல் சுமத்தப்பட்டன. திருடர்களைத் தேடிப் போலீசாரும், ஏமாந்தவர்களும் ஆண்டுக்கணக்காக அவ்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 2016இல்தான் காரணம் வெளிப்பட்டது. 'தெரியாது' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் நிம்மதியாக உறங்கியிருக்கும்.

தமிழர்களாகிய நமக்கு இது இன்னும் நெருக்கமானது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரே இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகி, முதற்பெயர்க் கட்டத்தில் 'எஃப்.என்.யூ.' என்று நிரப்பப்படுகிறது. முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் இருக்க, தெரியவில்லை என்று அச்சாகிறது! பெயர் இல்லாமற் போகவில்லை. கட்டம்தான் நம்மை எண்ணி வரையப்படவில்லை.

'ஒவ்வொன்றுக்கும் நின்றுகொண்டிருந்தால் உலகம் நடக்குமா?' என்பார்கள். நியாயமே. நிற்க வேண்டாம், மறைக்காமல் நடந்தால் போதும். கோ மொழியைப் பாருங்கள். இல்லாத சாவிக்கு அதுவும் ஒரு வெறும் மதிப்பைத் தருகிறது. ஆனால் சாவி இருந்ததா இல்லையா என்ற இரண்டாவது விடையையும் கேட்டால் தருகிறது. பைத்தானிலும் இல்லாதவற்றைத் தனியே குறித்து வைத்து, மாலையில் ஒரு மனிதர் பார்த்துத் திருத்தும்படி செய்யலாம். அதற்குப் பத்து வரி கூடுதலாகும். ஆகட்டுமே!

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுடன் வந்தது. அதிலும் சொற்கள் விடுபட்டன. பதிப்பித்தோர் அவற்றைத் தேடித் தொகுத்து, 1939இல் அனுபந்தமாக ஒரு தொகுதியும் கொண்டுவந்தார்கள். இல்லாததை இல்லையென அறிந்தவர்க்கே அதைத் தேடும் எண்ணம் வரும்.

தோழர்களே, நம்மில் பலர் நாளை இந்த நகரத்தின் கம்பெனிகளில் அமர்ந்து, நாம் ஒருநாளும் காணப்போகாத மனிதர்களுக்கு மதிப்பு எழுதப் போகிறோம். அவர்கள் பெயர் நம் பட்டியலில் இல்லாத வேளையில், நமக்குச் சௌகரியமான ஒன்றை அவர்கள் மேல் ஒட்டாதிருப்போம். இல்லை என்று எழுதுவோம்; பிறகு போய்க் கேட்போம்.