சர்வருக்கும் ஒரு கதவிலக்கம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கிழக்கே இந்திர லிங்கம், தென்கிழக்கே அக்னி லிங்கம் என எட்டு லிங்கங்களுக்கும் திசை மாறாத இடம் உண்டு. இணையத்தில் சர்வருக்கு அப்படியோர் இடம் தருவது ஐபி முகவரி.

பழைய ஐபிவி4 முறையில் சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்றே தீர்ந்தது. இன்று அவை விலைக்குக் கைமாறுகின்றன. 1998 முதல் தமிழ் நூல்களை மின்னாக்கும் மதுரைத் திட்டத்தைப் போல, திருவண்ணாமலை இளைஞர்கள் கல்வெட்டுப் படங்களுக்காகச் சர்வர் வாடகைக்கு எடுத்தால், கைக்கு வருவது ஓரிரு முகவரிகளே.

அது போதும். வரும் கோரிக்கைகளை உரிய தளத்துக்குப் பிரித்தனுப்பும் ரிவர்ஸ் பிராக்ஸி வைத்தால் ஒரே முகவரியில் பத்துத் தளங்கள் இயங்கும். மின்னஞ்சலுக்கு மட்டும் தனி முகவரி வேண்டும். இல்லாவிட்டால், தளம் ஒன்றின் பிழையால் பொது முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறினால் எல்லோருடைய கடிதமும் நின்றுபோகும். புதிய ஐபிவி6 முறையில் தட்டுப்பாடே இல்லை, அதையும் சேர்த்தே இயக்கலாம்.

பெரிய ஆபத்து வேறு. எந்த முகவரி எந்தச் சர்வருக்கு என்பது குழுவில் ஒருவர் நினைவில் மட்டும் இருக்கும். ஒருநாள் அவர் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விடுவார்.

முகவரி, பொறுப்பாளர், வாடகை கட்டும் நாள் ஆகியவை எழுதிய பதிவேடு மூன்று பேரிடமாவது இருக்கட்டும். சர்வரை மூடும் நாளில், தளப்பெயரை முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவையும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த முகவரி வேறொருவருக்குப் போய், குழுவின் பெயரில் அந்நியர் பக்கம் திறக்கும்.