அம்மா ஊற்றியது தண்ணீரா, நெருப்பா?

படம் பார்த்துவிட்டு வந்ததும் குறியீடு தேடுவது இப்போது நல்ல பொழுதுபோக்கு. நாயகி சிவப்புச் சேலை கட்டினால் கோபம், சுவரில் நிழல் விழுந்தால் குற்ற உணர்ச்சி, மழை பெய்தால் சோகம். நீங்கள் கவனிக்காமல் விட்ட பத்து விஷயங்கள் என்று யூடியூபில் வீடியோ வேறு வந்துவிடுகிறது. நானும் பார்க்கிறவன்தான், ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அகராதியில் பொருள் பார்க்கிற மாதிரி 'மழை என்றால் சோகம்' என்று எழுதி மூடிவிட்டால், கதை கையை விட்டு நழுவிவிடும். அந்த மழையில் யார் நனைகிறார்கள், நனைந்ததால் அவர்களுக்கு என்ன ஆகிறது என்று கேட்டால்தான் கொஞ்சமாவது பிடிபடும்.

இந்த வாரம் அப்படிக் கேட்டுப் பார்க்க ஒரு பழைய கதை. 1966-ல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்'. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பெயரைச் சொன்னாலே போதும், அந்த நாளில் கிளம்பிய சர்ச்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கதை இதுதான். மழை கொட்டும் மாலை, மகளிர் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்காக நிற்கிறாள் ஒரு பெண். ஏழைக் குடும்பம், விதவைத் தாய். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. வீட்டில் விடுகிறேன் என்கிறான் உள்ளே இருக்கும் பணக்கார இளைஞன். விவரம் அறியாத வயது, ஏறிவிடுகிறாள். கார் வீட்டுக்குப் போகவில்லை. ஆளில்லாத இடத்தில் நடக்கக் கூடாதது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள், பதறுகிறாள். அப்புறம் மகளை இழுத்துப் போய் உட்காரவைத்து, தலையோடு தண்ணீர் ஊற்றுகிறாள். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, நீ சுத்தமாகிவிட்டாய், இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள்.

இப்போது தலைப்பைப் பாருங்கள். 'அக்னிப் பிரவேசம்' என்றால் தீயில் இறங்குவது. கதையிலோ முதல் வரியிலிருந்து ஈரம்தான். வெளியே மழை, உள்ளே தலைக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீரை நெருப்பாக நினைத்துக்கொள் என்று தாயே மகளிடம் சொல்கிறாள். குறியீட்டை ஆசிரியர் ஒளித்துவைக்கவே இல்லை, பாத்திரத்தின் வாயாலேயே சொல்லிவிட்டார். அப்படியானால் நாம் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. சீதை தீயில் இறங்கியது எங்கே? போர் முடிந்த இலங்கையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க. அது ஊருக்குக் காட்டிய நிரூபணம். ஜெயகாந்தனின் கதையில் பார்க்க யாருமில்லை. அக்கம்பக்கம் அறியக் கூடாது என்பதில் அந்தத் தாய் அத்தனை கவனம். நிரூபி என்று யாரும் கேட்கவில்லை, நிரூபிக்கவும் இல்லை. பெண்ணைச் சுட வேண்டிய நெருப்பு குளிர்ந்த தண்ணீராக அவள் தலையில் இறங்குகிறது. என்னைக் கேட்டால், உள்ளுக்குள் வெந்தது தாய்தான். அடிக்க ஓங்கிய கை சொம்பை எடுப்பதற்குள் அவள் எத்தனை நூறு வருஷத்துப் பழக்கத்தைத் தாண்டியிருக்க வேண்டும்!

இதே நெருப்பை ஜெயகாந்தனுக்கு முன்பே ஒருவர் தொட்டிருக்கிறார். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்', 1943-ல் வந்த கதை. ராமனின் கால்தூசி பட்டுக் கல்லிலிருந்து பெண்ணான அகலிகை கௌதமரோடு மறுபடி வாழ்கிறாள். வனவாசம் முடிந்து ராமனும் சீதையும் பார்க்க வருகிறார்கள். தன்னைத் தீயில் இறங்கச் சொன்ன கதையை சீதை சொல்லக் கேட்டதும் அகலிகைக்குத் தாங்கவில்லை. தனக்கு ஒரு நியாயம் வழங்கியவன், தன் மனைவிக்கு வேறு நியாயமா? அவள் திரும்பவும் கல்லாகிவிடுகிறாள்.

கல் என்றால் சாபம், தண்டனை. அப்படித்தான் அதுவரை கேட்டு வந்தோம். புதுமைப்பித்தனிடம் அந்தக் கல் தானாகப் போய் எடுத்துக்கொண்ட இடம். உங்கள் உலகம் எனக்கு வேண்டாம் என்று சொல்லும் கல். பொருள் அதேதான், யார் கொடுத்தார்கள் என்பது மாறியதும் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. 'அக்னிப் பிரவேசம்' தாயும் மகளிடம் அகலிகையைப் பற்றிப் பேசுகிறாள் என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சர்ச்சைக்கு வருவோம். ஒரு தாய் இப்படிச் செய்வாளா, செய்யலாமா என்று அன்று கேட்டவர்கள் பலர். ஜெயகாந்தன் பதிலாக ஒரு நாவலே எழுதிவிட்டார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று புத்தகமாகி, 1972-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. ஏ.பீம்சிங் இயக்கத்தில் படமாகி லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதை வாங்கித் தந்ததும் அதுதான்.

நாவலில் அதே மழை, அதே கார், அதே பெண். மாறுவது ஒன்றுதான்: இந்தத் தாய் சொம்பை எடுக்கவில்லை. அலறி அழுது ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். படித்து, நல்ல வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பெண்ணின் நெற்றியில் அந்த ஒரு மாலைதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு ஒருநாள் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரின் கதை அவள் கண்ணில் படுகிறது. அந்தக் கதைதான் 'அக்னிப் பிரவேசம்'. தன் தாய் ஊற்றாமல் விட்ட தண்ணீரை அச்சில் பார்க்கிறாள் அவள்! படத்தில் அந்த எழுத்தாளராக வருபவர் நாகேஷ், அதிலும் சிரிக்க வைக்காத நாகேஷ்.

சிறுகதையில் 'அவள்' என்றே வரும் பெண்ணுக்கு நாவலில் ஒரு பெயர் கிடைக்கிறது. கங்கா. எல்லா அழுக்கையும் கழுவும் என்று நாம் நம்புகிற நதியின் பெயர், ஒரு சொம்பு தண்ணீர் கிடைக்காத பெண்ணுக்கு. இதை ஜெயகாந்தன் யோசித்து வைத்தாரா, தற்செயலா என்று சண்டை போடலாம். நான் சண்டைக்கு வரவில்லை. தொடர்ச்சியாக அவர் எழுதிய நாவலுக்கு 'கங்கை எங்கே போகிறாள்' என்று பெயர் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கதையைப் படித்தால் வேறொரு கேள்வி கேட்பார்கள். தப்பு செய்தவன் அவன். இவளை எதற்குக் கழுவ வேண்டும்? கழுவினாலே அழுக்கு இருந்ததாக ஒப்புக்கொண்டதாகாதா? யாரிடமும் சொல்லாதே என்றால் அவன் தப்பித்துக்கொள்ள வழி செய்வதாகாதா? நியாயமான கேள்விகள், நான் தாய்க்கு வக்கீலாக வரப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவளிடம் இருந்த சொற்கள் தீட்டும் மடியும்தான். தெருவில் அசிங்கத்தை மிதித்துவிட்டால் காலைக் கழுவிக்கொண்டு பூஜை அறைக்குப் போவதில்லையா என்கிற வழியில்தான் அவள் யோசிக்க முடியும். தள்ளிவைப்பதற்காக இருந்த அந்தச் சொற்களையே எடுத்து, மகளை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறாள். இன்றைய தாய் மகளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வாசலில் நனைந்து நிற்கிறவளை என்ன செய்வது என்ற கேள்வி இன்றும் அப்படியேதான் நிற்கிறது.

மழை, தண்ணீர், நெருப்பு பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். அதிகம் பேசாத பொருள் ஒன்று கதையில் உண்டு: சூயிங்கம். காரில் அவன் கொடுத்தது. வீட்டுக்கு வந்தபிறகும் அந்தப் பெண் அதை மென்றுகொண்டிருக்கிறாள், தாய் அதட்டித் துப்பச் சொல்கிறாள். வாயில் ஒட்டியிருக்கிறது என்பதுகூடத் தெரியாத குழந்தைத்தனமா? இல்லை, அந்த மாலையில் விடவே மனமில்லாத ஏதோ ஒன்றா? எனக்கு முதலாவதுதான் சரி என்று படுகிறது. வீட்டில் எதிர்க்கட்சி இருக்கிறது. கதை சின்னதுதான், தேடிப் படித்துவிட்டு உங்களுக்கு எப்படிப் படுகிறது என்று எழுதுங்கள்.