233ஆவது பெயர்

அமெரிக்க உதைபந்தாட்டத்தில், பந்தை எறிபவருக்கு அரணாக நிற்கும் காவல் வரிசை வீரரின் பெயரை இரசிகர்கள் அறிவது பெரும்பாலும் அவர் தவறிழைக்கும்போதுதான். பத்திரிகையில் ஒப்புநோக்குநரின் நிலையும் அதுவே. பிழை அச்சேறினால் மட்டுமே அவர் நினைவுக்கு வருவார். ஆகையால் எனக்கு இவ்வீரர்கள்மீது தனிப்பற்று.

2018ஆம் ஆண்டுத் தெரிவில் 256 பேர் இடம்பெற்றனர். அவர்களுள் 233ஆவதாக, இறுதிச் சுற்றான ஏழாவது சுற்றில், பிலடெல்பியா ஈகிள்ஸ் கழகம் அழைத்த பெயர் ஜோர்டன் மைலாட்டா. சமோவாப் பெற்றோருக்கு அவுஸ்திரேலியாவிற் பிறந்த றக்பி வீரர். ஆறடி எட்டங்குல உயரம். அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டி ஒன்றிலேனும் அதுவரை ஆடியறியாதவர்!

கடைசிச் சுற்றிற் தெரிவாவோருட் பலர் பருவம் தொடங்குமுன்னரே நீக்கப்படுகின்றனர். மைலாட்டாவோ 53 பேர் கொண்ட இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தார். இதில் அவரது திறமையைவிடக் கழகத்தின் துணிவையே நான் பெரிதாக மதிக்கின்றேன். 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் அவர் ஒரு போட்டியிலும் களமிறங்கவில்லை. முதுகு உபாதை வேறு. ஆயினும் பயிற்றுநர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் அவருக்கு அரிச்சுவடியிலிருந்தே கற்பித்தார். உடனடிப் பயன் தராதவருக்கு ஓரிடம் ஒதுக்குவதென்பது, அன்றே உதவக்கூடிய இன்னொருவரை வெளியே அனுப்புவதுமாகும். அனுப்பப்பட்டவருக்கு அது நியாயமாகத் தோன்றியிராது.

2021இல், முதற்சுற்றுத் தெரிவான அன்ட்றே டிலார்டை முந்தி அவர் இடதுபுறக் காவலரானார்; அவ்வாண்டே நான்காண்டுகளுக்கு 64 மில்லியன் டொலர் ஒப்பந்தம். 2025 பெப்ரவரி சுப்பர் போல் இறுதியில் கன்சாஸ் சிற்றி அணியைப் பிலடெல்பியா 40-22 என வென்றபோது, வரிசையின் இடப்புறத்தில் நின்றவர் அந்த 233ஆவது பெயருக்குரியவரே.