கொப்பி யார் கையில்?

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அரச மருத்துவமனையின் கிளினிக்குக்குப் போகும் தாய் எதை மறந்தாலும் கொப்பியை மறப்பதில்லை. பாடசாலைப் பிள்ளைகள் பயன்படுத்தும் அதே கோடிட்ட கொப்பிதான். மருத்துவர் அதில் நோயையும் மருந்தையும் எழுதுவார். எழுதி முடிந்ததும் அது நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடும். காணி உறுதியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் கிடக்கும் பொலித்தீன் பைக்குள் அதற்கும் ஓர் இடமுண்டு. இடப்பெயர்வுகளின்போது வீடு வாசலை விட்டுப் புறப்பட்ட எத்தனையோ பேர் அந்தப் பையை மட்டும் விடவில்லை. உள்ளே எழுதப்பட்டிருப்பது ஆங்கிலம், அதுவும் மருத்துவரின் கையெழுத்து. படித்து விளங்கியவர் சிலரே. ஆயினும் அது யாருடையது என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த தமிழரின் கையில் அத்தகைய கொப்பி எதுவும் கொடுக்கப்படவில்லை. குடும்ப மருத்துவர் எழுதிய குறிப்புகள், லொயிட் ஜோர்ஜின் பெயரால் அழைக்கப்படும் சிறிய காகித உறைகளுக்குள், மருத்துவ நிலையத்தின் அலுமாரிகளில் கிடந்தன. அந்தக் காகிதக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமையை 1990ஆம் ஆண்டின் சட்டமே நோயாளிக்கு வழங்கியது. நோயாளர் பதிவுகளைக் கணினிமயமாக்கவென 2002இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டம், ஏறக்குறைய 1,000 கோடி பவுண்கள் என்ற செலவுக் கணக்கோடு 2011இல் கலைக்கப்பட்டது. அந்த வீணடிப்பின் கதை தனியே எழுதப்பட வேண்டியது. இங்கு முக்கியமானது பின்னர் நடந்ததாகும். புதிதாக எழுதப்படும் பதிவுகளை நோயாளர் இணையத்தில் பார்ப்பதற்கு 2023 ஒக்டோபர் 31க்குள் வழிசெய்ய வேண்டுமென இங்கிலாந்தின் குடும்ப மருத்துவ நிலையங்கள் பணிக்கப்பட்டன. இரத்தப் பரிசோதனை முடிவு, மருத்துவமனைக் கடிதம், மருத்துவர் தட்டச்சு செய்த குறிப்பு எல்லாம் கைத்தொலைபேசிச் செயலிக்குள் வந்து சேர்கின்றன.

அதாவது கொப்பி திரும்பக் கிடைத்திருக்கிறது. கிடைத்த கொப்பியைப் பல தமிழ்ப் பெற்றோர் என்ன செய்தார்கள்? மகனிடம் கொடுத்துவிட்டார்கள்.

"பிள்ளை பார்த்துக்கொள்வான்" என்ற ஒரு வசனத்தோடு கணக்கும் கடவுச்சொல்லும் பத்தொன்பது வயது இளைஞனின் தொலைபேசிக்குப் போய்விடுகின்றன. இதைப் பாசம் என்று சொல்லி மழுப்புவது தவறு. அந்தப் பதிவுக்குள் இருப்பது கொலஸ்திரோல் எண் மட்டுமன்று. தாயின் மாதவிடாய்ச் சிக்கல் இருக்கிறது. தந்தையின் குடிப்பழக்கம் இருக்கிறது. 2009 மே மாதத்துக்குப் பின் தடுப்பு முகாமில் என்ன நடந்தது என்று ஒரு பெண் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஒரு மருத்துவரிடம் சொன்ன வார்த்தைகளும் இருக்கக்கூடும். மகன் வாசிப்பான் என்று தெரிந்த தாய் அடுத்த முறை மருத்துவரிடம் வாய் திறப்பாளா? "நித்திரை வருவதில்லை" என்பதைக்கூட விழுங்கிவிட்டுத் திரும்புவாள். மறுபுறம், தாய்க்குப் புற்றுநோய் என்ற சொல்லை எவரும் விளக்குவதற்கு முன்னரே, பேருந்தில் இருந்தபடி வாசிக்கும் சுமை அந்தப் பிள்ளையின் தலையில் விழுகிறது. 13 வயதானவருக்கே தனிக் கணக்குத் திறக்க அனுமதியுள்ள நாட்டில், 60 வயதுத் தாய்க்குத் தன் உடல்நலக் குறிப்பின் திறவுகோல் இல்லை என்பது வெட்கக்கேடானது.

இன்னொரு தரப்பு நேர்மாறாகப் பேசுகிறது: "கணினியில் ஏற்றினால் எல்லாம் உள்துறை அமைச்சுக்குப் போய்விடும், ஒன்றும் சொல்லாதே." இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது. தேசிய சுகாதார சேவையின் தரவு அமைப்புக்கும் உள்துறை அமைச்சுக்கும் இடையிலான உடன்படிக்கை ஒன்று 2017 ஜனவரி முதல் நடைமுறையில் இருந்தது. நோய் விபரங்கள் அல்ல, ஆனால் முகவரி போன்ற விபரங்கள் குடிவரவு அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்டன. மருத்துவர்களும் மனித உரிமை அமைப்புகளும் நாடாளுமன்றக் குழுவும் எதிர்த்ததன் விளைவாக 2018இல் அது முதலில் இடைநிறுத்தப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. நோயாளியின் முகவரியை ஆள்பிடிப்பதற்குப் பயன்படுத்திய அரசு நம்பிக்கையைக் கேட்டுப் பெறும் தகுதியைத் தானே கெடுத்துக்கொண்டது.

ஆயினும் மௌனம் இதற்கு மருந்தாகாது. 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், இலங்கைத் தமிழர் ஒருவரின் உடலிலிருந்த சூட்டுத் தழும்புகளே விவாதப் பொருளாயின. அவர் தாமாகவே பிறரைக் கொண்டு சூடு வைத்திருக்கலாம் என்று தீர்ப்பாயம் ஐயுற்றிருந்தது. மருத்துவச் சான்றை அணுகிய முறை பிழையென்று கூறி, வழக்கை மீண்டும் விசாரிக்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. ஒரு மனிதரின் தஞ்சம் தழும்பைப் பற்றி மருத்துவர் எழுதிய வரிகளில் தொங்கியது. அவ்வாறிருக்க, குடும்ப மருத்துவரிடம் எதையும் சொல்லாதே என்று ஆலோசனை கூறுவோர் யாருக்கு உதவுகிறார்கள்?

பெயரின் சிக்கலையும் சொல்ல வேண்டும். தந்தையின் பெயரை முன்னே வைக்கும் வழக்கத்தைக் கணினி அறியாது. காத்திருப்பு அறைத் திரையில் "சிவலிங்கம்" என்று தோன்ற, இருபது வயதுப் பெண் எழுந்து நிற்கும் காட்சி சிரிப்புக்குரியதாகத் தோன்றலாம். ஒரு மருத்துவமனையில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் பெயர் பதிவாகி, ஒருவருக்கே இரண்டு பதிவுகள் உருவாகி, பெனிசிலின் ஒவ்வாமை ஒன்றில் மட்டும் இருந்துவிட்டால் சிரிப்பதற்கு எதுவும் இராது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் தமிழைத் தம் முதன்மை மொழி என்று பதிந்தோர் 2011, 2021 ஆகிய இரு குடிசன மதிப்பீடுகளிலும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர். இத்தனை பேர் வரி செலுத்தும் நாட்டில் மருத்துவரின் குறிப்பு ஆங்கிலத்தில் மட்டுமே எழுதப்படுகிறது. செயலி வழங்கியதோடு தன் கடமை முடிந்தது என்று சுகாதார சேவை கருதுமாயின் அது கண்டிக்கத்தக்கது. அதைக் கேட்டிருக்க வேண்டிய தமிழ் அமைப்புகளோ கலைவிழாவுக்கு மண்டபம் பிடிப்பதில் காட்டிய ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கையும் இதில் காட்டவில்லை. சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிகளின் நடைகூடங்களில், பிள்ளைகள் வகுப்பு முடிந்து வரும்வரை, பெற்றோர் மணிக்கணக்கில் தேநீர்க் குடுவையோடு அமர்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு மேசை போட்டு, செயலியைத் திறப்பது எப்படி என்று தமிழில் காட்ட ஒரு பிற்பகல் போதும்.

காட்ட வேண்டியவை அதிகமில்லை. பெயரும் பிறந்த திகதியும் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பார்ப்பது. மொழி என்ற இடத்தில் தமிழ் என்றும் மொழிபெயர்ப்பாளர் தேவை என்றும் பதியச் சொல்வது. அச்சேவைக்கு நோயாளி கட்டணம் செலுத்த வேண்டியதில்லை, பிள்ளையை அழைத்துச் செல்லவும் வேண்டியதில்லை. எவரும் பார்க்கக் கூடாத ஒரு பதிவை இணையத்தில் காட்டாதிருக்குமாறு மருத்துவரிடம் கேட்பது. மகனின் உதவி உண்மையிலேயே வேண்டுமாயின், கடவுச்சொல்லைக் கொடுக்காமல், மருத்துவ நிலையத்தில் பதிலாளர் அனுமதிப் படிவத்தைக் கேட்பது. நேரம் பதிவதற்கும் மருந்து எடுப்பதற்கும் மட்டும் அனுமதி கொடுத்து, குறிப்புகளைத் தமக்கே வைத்துக்கொள்ள அந்தப் படிவத்தில் இடமுண்டு.