அஞ்சறைப் பெட்டியும் பி.ஹெச்.பி-யும்

போன வருஷம் வீட்டுக்குக் காய் நறுக்கும் மெஷின் ஒன்று வாங்கினோம். ஐந்து நிமிடம் பிடித்த வெங்காயம் அரை நிமிடத்தில் பொடிப்பொடியானது. ஆனால், சமையல் முடிகிற நேரம் மட்டும் மாறவே இல்லை. 'ஏன் இப்படி?' என்று ஒருநாள் நின்று கவனித்தேன். மிளகாய்த்தூள் மேல் அலமாரியில், பெருங்காயம் ஃப்ரிட்ஜ் மேல், புளி எங்கே என்று யாருக்கும் தெரியாது. டப்பாவில் 'ரவை' என்று எழுதியிருக்கும், திறந்தால் கடலைப்பருப்பு. நேரம் போனது நறுக்குவதில் இல்லை, தேடுவதில்!

இதே சங்கதியைக் கண்டுபிடிக்க டிமிட்ரி ஸ்டோகோவ் என்ற ரஷ்யப் புரோகிராமருக்குச் சில வருடங்கள் ஆயின. அவர் கவனித்தது அடுப்படியை அல்ல, பி.ஹெச்.பி என்கிற கணினி மொழியை.

இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்களும் அதன் தயவில்தான் இணையத்தில் உலவுகிறார்கள். விக்கிப்பீடியா ஓடுவது பி.ஹெச்.பி-யில். கல்யாண மண்டபம் முதல் கோயில் வரை ஆளுக்கொரு வெப்சைட் வைத்துக்கொள்ள உதவும் வேர்டுபிரஸ்ஸும் அப்படியே. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், தன் பயோடேட்டாவை இணையத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 1994-ல் எழுதிய சின்னச் சின்ன நிரல்களில் பிறந்தது இது. அடுத்த வருடம் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்.

கற்றுக்கொள்வது சுலபம். அதனாலேயே புரோகிராமர்கள் மத்தியில் கொஞ்சம் இளக்காரமும் உண்டு. 'அதெல்லாம் ஒரு மொழியா?' என்பார்கள். வேகம் போதாது என்பது இன்னொரு குறை. யாராவது ஒரு பக்கத்தைத் திறந்தால், பி.ஹெச்.பி முதலிலிருந்து வேலையைத் தொடங்கி, பக்கத்தைத் தயாரித்து அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் மறந்துவிடும். அடுத்தவர் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அடுப்பைப் புதிதாகப் பற்றவைக்கும் ஹோட்டல் மாதிரி.

கோடிக்கணக்கானவர்கள் வரும் இடத்தில் இது கட்டுப்படியாகுமா? பி.ஹெச்.பி-யில் வளர்ந்த ஃபேஸ்புக்குக்கு அந்தத் தலைவலி வந்தது. அதன் பொறியாளர்கள் பி.ஹெச்.பி நிரலை சி++ மொழிக்கு மாற்றும் 'ஹிப்ஹாப்' என்ற கருவியைச் செய்து 2010-ல் வெளியிட்டார்கள். சர்வர்களின் பிராசஸர் சுமை சராசரியாகப் பாதி குறைந்தது என்றார்கள். அதற்குப் பிறகு அவர்கள் உருவாக்கிய ஹெச்.ஹெச்.வி.எம்-முக்கு 2014-ல் விக்கிப்பீடியாவே மாறியது. கட்டுரையைத் திருத்திவிட்டு 'சேமி' பொத்தானை அழுத்தினால் காத்திருக்கும் நேரம் பாதியானது. பி.ஹெச்.பி-யை வளர்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? வீட்டுப் பிள்ளை பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டு, 'அங்கேதான் ருசி' என்றது போலத்தான்.

பி.ஹெச்.பி-யின் எஞ்சினை உருவாக்கிய ஸெண்ட் நிறுவனத்தில்தான் ஸ்டோகோவ் வேலை பார்த்தார். வேகத்தின் மேல் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு பைத்தியம், பி.ஹெச்.பி-யை விரைவுபடுத்தும் 'டர்க் எம்.எம்.கேஷ்' என்ற மென்பொருளை முன்பே எழுதியவர். 2011-ல் அவர் கையிலெடுத்த யோசனை 'ஜிட்'. பி.ஹெச்.பி நிரலை ஒரு மொழிபெயர்ப்பாளர் வரி வரியாகப் படித்து பிராசஸருக்குச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் தடவை வரும் வரியை ஆயிரம் தடவையும் படித்துச் சொல்வார். அதற்குப் பதில், நிரல் ஓடும்போதே பிராசஸரின் சொந்த மொழியில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால்? அதுதான் ஜிட்.

எழுதினார். கணக்குப் போடும் சோதனை நிரல்கள் பறந்தன. ஆனால், ஜனங்கள் நிஜமாகப் பயன்படுத்தும் வெப்சைட்களில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஒன்றல்ல, மூன்று விதமாக ஜிட் எழுதிப் பார்த்தும் எதுவும் வெளியிடும் நிலைக்கு வரவில்லை. வருடக்கணக்கான உழைப்பு!

இந்த இடத்தில் 'சோதனையில் இத்தனை மடங்கு வேகம்' என்று விளம்பரம் செய்து விற்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஸ்டோகோவும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது வேறு. நேரம் உண்மையில் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். அது கணக்குப் போடுவதில் போகவில்லை. நினைவகத்தில் இடம் பிடிப்பதிலும், வைத்ததைத் தேடி எடுப்பதிலும் போனது.

பழைய பி.ஹெச்.பி-யின் சமையலறையைப் பாருங்கள். ஒரே ஓர் எண்ணை வைக்க வேண்டுமா, அதற்குத் தனி டப்பா. அந்த டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒரு துண்டுச்சீட்டு. அந்த டப்பாவை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு கணக்கு. 8 பைட்டில் அடங்கும் எண்ணை ஒரு பட்டியலில் வைக்க இப்படி 144 பைட் செலவானது! இடம் போனால் போகட்டும். சீட்டைப் படித்து டப்பாவைத் தேடி மெமரிக்குப் போய்வரும் நேரத்தில், பிராசஸர் நூற்றுக்கும் மேற்பட்ட சின்ன வேலைகளை முடித்திருக்கும். பாவம், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

ஸ்டோகோவ், சீனாவின் ஸின்சென் ஹுய், நிகிதா பாப்போவ் மூவரும் அந்தச் சமையலறையை அஞ்சறைப் பெட்டியாக மாற்றினார்கள். கடுகும் சீரகமும் மிளகும் அடுத்தடுத்து, ஒரே பெட்டியில். எண் மாதிரிச் சின்ன விஷயங்களுக்குத் தனி டப்பாவும் இல்லை, சீட்டும் இல்லை, கணக்கும் இல்லை. 2014 மே மாதம் இதை வெளியே சொன்னார்கள். 2015 டிசம்பரில் பி.ஹெச்.பி 7 ஆக வெளிவந்தது. (6 எங்கே என்று கேட்காதீர்கள். அது வேறொரு முயற்சிக்கு வைத்த பெயர், பாதியில் நின்றுபோனது.)

1 முதல் 1 லட்சம் வரையிலான எண்களை ஒரு பட்டியலில் வைக்க முன்பு சுமார் 14 எம்.பி மெமரி தேவைப்பட்டது. இப்போது 4 எம்.பி. வேர்டுபிரஸ் பக்கம் ஒன்றைத் தயாரிக்க 5.6 பதிப்பில் பிராசஸர் கிட்டத்தட்ட 10 கோடிக் கட்டளைகளை நிறைவேற்றியது. 7-ல் இரண்டரைக் கோடி. இதில் ஜிட் துளியும் கிடையாது என்பதுதான் வேடிக்கை. வெப்சைட் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் நிரலில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. விக்கிப்பீடியாவும் 2019-ல் பி.ஹெச்.பி-க்கே திரும்பிவிட்டது.

ஸ்டோகோவ் ஜிட்டை விட்டாரா? இல்லை. 2020 நவம்பரில் பி.ஹெச்.பி 8-ல் அதைக் கொண்டுவந்தே விட்டார். மாண்டல்பிராட் என்ற கணிதச் சித்திரத்தை வரையும் நிரல், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும். அது 0.046 விநாடியிலிருந்து 0.011 விநாடிக்கு இறங்கியது. நான்கு மடங்கு! வேர்டுபிரஸ்? விநாடிக்கு 315 பக்கங்கள் கொடுத்தது, 326 கொடுத்தது. அவ்வளவுதான். இந்த இரண்டையும் அவர்கள் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்து எழுதியிருந்ததுதான் எனக்குப் பிடித்தது. படம், கணக்கு என்று புதிய வேலைகளுக்கு பி.ஹெச்.பி-யைக் கொண்டுபோக ஜிட் உதவும். உங்கள் வெப்சைட்டுக்கு அதிசயம் எதிர்பார்க்காதீர்கள் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

2017-ல் ஊறுகாய் விற்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். "சைட் திறக்கறதுக்குள்ள கஸ்டமர் ஓடிப்போறாங்கப்பா. பெரிய சர்வருக்கு மாறணுமாம், வாடகை டபுளாம்" என்றார். பார்த்தால், தளம் 5.6-ல் ஓடிக்கொண்டிருந்தது. முழுதாக ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, பதிப்பை 7-க்கு மாற்றினோம். பழைய பிளகின் ஒன்று மக்கர் பண்ணியது. அதைத் தூக்கிவிட்டு வேறொன்று போட்டதில் அரை நாள் போனது. அதன்பின், பக்கம் பட்டென்று திறந்தது. அதே சர்வர், அதே வாடகை.

உங்களிடம் வேர்டுபிரஸ் தளம் இருந்தால், டேஷ்போர்டில் 'டூல்ஸ்' போய் 'சைட் ஹெல்த்' திறந்து, 'இன்ஃபோ' பகுதியில் 'சர்வர்' என்பதைத் தட்டிப் பாருங்கள். பி.ஹெச்.பி பதிப்பு எண் இருக்கும். அது 5-லோ 7-லோ ஆரம்பித்தால், பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று வருடங்கள் ஆகிவிட்டன என்று அர்த்தம். பேக்கப் எடுத்துக்கொண்டு, சர்வர் வாடகைக்குக் கொடுத்தவருக்கு இன்றே ஒரு போன் போடுங்கள்.