கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்

'காலத்தை முந்திய படைப்பு' என்ற சொற்றொடரைக் காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. பிரிட்டனின் ஓ.எம்.டி. குழுவினர் 1983 மார்ச்சில் வெளியிட்ட 'டாஸில் ஷிப்ஸ்' இசைத்தொகுப்பைப் பற்றி இப்போது எழுதுவோர் இச்சொற்றொடரைத் தவறவிடுவதேயில்லை. மறுபதிப்பு வெளிவந்த 2008 இலும் நாற்பதாண்டு நிறைவுற்ற 2023 இலும் இதே பல்லவிதான். ரசிகர்கள் அதனை மறுமதிப்பீடு செய்வது நியாயம். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் பொய்யானது என்பதே என் வழக்கு.

அன்டி மக்லஸ்கியும் போல் ஹம்ப்ரீஸும் சிந்தசைசரைக் கொண்டு எளிய, இனிய மெட்டுகளை அமைத்துப் பெயர்பெற்றவர்கள். 1981 இல் வந்த அவர்களது முந்தைய தொகுப்பு, குழுவினரின் கணக்குப்படி, 30 இலட்சம் பிரதிகள் விற்றது. 'டாஸில் ஷிப்ஸ்' விற்றதோ 3 இலட்சம். பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகளிற் பல அதனைக் கடிந்தெழுதின. இரண்டாவது தனிப்பாடலால் விற்பனைப் பட்டியலின் 42 ஆம் இடத்தைத் தாண்ட இயலவில்லை.

அப்படி என்னதான் அதில் இருந்தது? பிராக் வானொலியின் அடையாள இசை, பல நாட்டுத் தொலைபேசிகள் நேரத்தை அறிவிக்கும் குரல்கள், எழுத்துக்கூட்டப் பழக்கும் பேசும் விளையாட்டுப் பொருளின் ஒலி, கைகள் துண்டிக்கப்பட்ட நிக்கராகுவாச் சிறுமி பற்றிய செய்தி. இவற்றில் எது எதிர்காலத்துக்குரியது? பனிப்போரால் இரண்டாகப் பிளவுண்டிருந்த ஐரோப்பாவில், சிற்றலை வானொலியின் குமிழைத் திருப்பிய எவரும் அன்றாடம் கேட்ட ஓசைகள் அவை. அந்தத் தொகுப்பு தன் காலத்தை முந்தவில்லை. தன் காலத்தை அப்படியே ஒலிப்பதிவு செய்தது. அன்றைய விமர்சகர்களுக்கும் அதே வானொலி இருந்தது. அதே காதுகளும் இருந்தன.

குறையே அற்ற தொகுப்பென்று நான் வாதிடவில்லை. ஏறக்குறைய 34 நிமிடங்களே நீளும் அதில் இரு பாடல்கள் முன்னரே தனி இசைத்தட்டுகளின் மறுபக்கத்தில் வெளிவந்தவை. துணுக்குகளாகவே நின்றுவிடும் பகுதிகளும் உண்டு. ஆனால் குறை சொல்வது வேறு, கேட்க மறுப்பது வேறு. பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில், பக்கம் அச்சுக்குப் போகும் அவசரத்தில் தீர்ப்புகள் எவ்வளவு எளிதாகப் பிறக்கின்றன என்பதை நான் அறிவேன். இனிய மெட்டை எதிர்பார்த்தவருக்குச் செய்தியறிக்கை கிடைத்தது. எதிர்பார்த்தது கிடைக்காததையே படைப்பின் குற்றமாக எழுதினார்கள்.

விளைவு சிறியதன்று. அடுத்த ஆண்டே குழுவினர் பாதுகாப்பான பாதைக்குத் திரும்பினர். 1986 இல் ஹொலிவூட் திரைப்படமொன்றுக்காக அவர்கள் இயற்றிய காதற் பாடல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடத்தைப் பெற்றது. வெற்றிதான், ஆனால் வானொலித் துணுக்குகளையும் செய்திக் குரல்களையும் கோத்து இசையமைத்த துணிச்சல் அங்கே இல்லை. 2013 இல் 'இங்கிலிஷ் இலெக்ட்ரிக்' தொகுப்பில் அதே பாணி ஒலித்தொகுப்புகள் மீண்டும் இடம்பெற்றபோது முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. கண் கெட்ட பின் செய்யும் சூரிய நமஸ்காரம் அந்த ஆண்டுகளைத் திருப்பித் தராது.

'காலத்தை முந்தியது' என்பது பாராட்டுப் போலத் தோன்றும் பாவமன்னிப்பு. பழியைக் காலத்தின் தலையில் சுமத்திவிட்டு, கேளாத காதுகளை அது விடுவித்துவிடுகிறது. மறுமதிப்பீடு நேர்மையானதாக இருக்க வேண்டுமாயின், படைப்பு முந்தி வந்தது என்பதை விடுத்து, கேட்டவர்கள் பிந்திப் போனார்கள் என்றே எழுதவேண்டும்.